அந்த லைட் பில்லை யார் கட்டுகிறார்?

 

தவணை விடுமுறை தொடங்கியதிலிருந்து வகுப்பு வட்ஸ்அப் குழுக்களில் வீட்டுவேலை பற்றிக் கேட்பவர் குறைவு. "டீச்சர், சேர், பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?" என்று கேட்கும் பெற்றாரே அதிகம். கூடவே ஒரு வீடியோவும் வந்துவிடும். கொழும்பில் பார்க்க வேண்டிய பத்துப் புது இடங்கள், குடும்பத்தோடு சாப்பிடப் புது ரெஸ்டூரன்ட்கள், இரவில் போய்ப் படம் எடுக்க மொட்டைமாடிகள். எதைத் திறந்தாலும் முதலில் வருவது கொம்பனித்தெருவில் பேரை வாவிப் பக்கம் நிற்கும் அந்தப் பெரிய கட்டடம்தான். சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்.

கேள்வி வந்தவுடன் குழு இரண்டு கட்சியாகிவிடும். "அது சூதாட்ட வீடு, வாசலைக்கூட மிதிக்கக் கூடாது" என்று ஒரு கட்சி முடித்துவிடும். "கசினோவுக்குள் யார் போகிறார்? சும்மா ஏசியில் நடந்து, நாலு படம் எடுத்துவிட்டு வருவதில் என்ன பிழை?" என்று மற்றக் கட்சி கேட்கும். எங்களைக் கேட்டால் இரண்டு பக்கமும் விஷயத்தில் பாதியைத்தான் பார்க்கிறது. குழுவில் நாலு வரியில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அது என்னவென்று பார்ப்போம். ஜோன் கீல்ஸ் நிறுவனம் 2014இல் தொடங்கிய வேலை அது. இடையில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், கொரோனா, 2022 நெருக்கடி எல்லாம் வந்து போயின. 2024 ஒக்டோபரில் 687 அறைகளோடு சினமன் லைஃப் ஹோட்டல் திறந்தது. மக்காவுவில் கசினோக்கள் நடத்தும் மெல்கோ கம்பனி கூட்டுச் சேர்ந்தது, 20 வருடத்துக்குக் கசினோ அனுமதிப்பத்திரம் கொடுக்கப்பட்டது. 2025 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஹிரித்திக் ரோஷன் வந்து நிற்க, கோலாகலமாகக் கசினோவைத் திறந்தார்கள். செலவு நூறு கோடி டொலருக்கு மேல். வடிவமைத்தவர் இலங்கையில் பிறந்த செசில் பால்மண்ட். கட்டடம் அழகுதான். பிடிக்கவில்லை என்பதற்காக அசிங்கம் என்று சொல்லத் தேவையில்லை.

அது நிற்கும் வீதியின் பெயர் ஜஸ்டிஸ் அக்பர் மாவத்தை. பேராதனையில் படித்தவர்களுக்கு அக்பர் ஹோல் தெரியும், அதே நீதியரசர் எம்.ரி. அக்பர்தான். சுற்றியிருப்பது மலாய்க்காரரும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் சுவரோடு சுவராக வாழ்ந்த கொம்பனித்தெரு. வேகந்தைப் பள்ளிவாசல் 1786இலிருந்து அங்கே இருக்கிறது. 1983 ஜூலையில் எரிக்கப்பட்ட ரியோ தியேட்டரும் அங்கேதான். 2010இல் மியூஸ் வீதியில் வீடுகள் உடைக்கப்பட்டது பலருக்கு மறந்திருக்காது. காணியின் விலை ஏற ஏற, பழைய குடும்பங்கள் தொடர்மாடிகளுக்கும் தூர ஊர்களுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. வீடியோக்களில் இது எதுவும் வராது. அவற்றில் கொம்பனித்தெரு என்பது ஒரு கண்ணாடி ஜன்னலும் அதற்கு வெளியே தெரியும் கடலும்.

கீழ்மாடியில் நடப்பதற்குக் காசில்லை என்கிறார்கள், சரி. அந்த வெளிச்சத்துக்கும் குளிருக்கும் பில் கட்டுவது யார்? 2022 மார்ச்சில் ஒரு நாளில் 13 மணிநேரம் கரண்ட் வெட்டி, மெழுகுதிரியில் பரீட்சைத்தாள் திருத்தியவர்கள் நாங்கள். அதனால் லைட்டைக் கண்டால் பில் ஞாபகம் வருகிறது.

பதில் ரகசியமில்லை. சிங்கப்பூர் 2010இல் இரண்டு பெரிய கசினோ விடுதிகளைத் திறந்தது. மரினா பே சாண்ட்ஸ் கட்டடத்தில் கசினோ பிடிக்கும் இடம் மிகச் சிறியது, வருமானத்தில் பெரும்பங்கு அந்தச் சிறிய இடத்திலிருந்துதான். ஊர் முழுக்கப் படம் எடுப்பது மேலேயுள்ள நீச்சல்தடாகத்தை. உழைப்பது கீழேயுள்ள மேசை. மேசை எப்படி உழைக்கிறது என்பதற்குத் தரம் 10 நிகழ்தகவுப் பாடம் போதும். சாதாரண ரூலட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள். ஒவ்வோர் எண்ணிலும் 100 ரூபா வைத்தால் மொத்தம் 3700 ரூபா. ஏதாவது ஓர் எண் கட்டாயம் விழும், கையில் திரும்புவது 3600. அந்த நூறு ரூபா, கள்ளம் எதுவும் இல்லாமல், சட்டப்படி, ஒவ்வொரு சுற்றிலும் மேசைக்குச் சொந்தம். ஒருவன் வென்றுவிட்டுப் போனாலும் இன்னும் பத்துப் பேர் சேர்ந்து அந்தக் கணக்கைச் சரியாக்கிவிடுவார்கள். ஆக, லைட் பில்லைக் கட்டுவது தோற்றவர்கள்.

இந்தப் பாடத்துக்கு மார்க்கம் தேவையில்லை, கணக்கு போதும். ஆனாலும் சொல்கிறோம்: சூதில் மனிதருக்குப் பயனும் இருக்கிறது, அதன் பாவம் பயனைவிடப் பெரியது என்றுதான் குர்ஆன் பேசுகிறது. பயனே இல்லை என்று சாதிக்கவில்லை. திருக்குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம், தருமர் நாட்டையும் தம்பிமாரையும் வைத்து ஆடிய கதை ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். ஆகவே அங்கே வேலைவாய்ப்பு இல்லை, வரி இல்லை, டொலர் இல்லை என்று வாதாடி நேரம் கழிக்க வேண்டாம். எல்லாம் இருக்கிறது. எங்களிடம் ஏ.எல். படித்த பிள்ளைகளுக்கு ஹோட்டல் சமையலறை ஒரு நல்ல வழி. "மகன் போகலாமா?" என்று கேட்கும் உம்மாமாருக்கு ஃபத்வா கொடுக்க நாங்கள் ஆலிம்கள் இல்லை. சீட்டுப் பிரிக்கும் மேசையில் வேலையென்றால் மட்டும், கேட்காமலே சொல்வோம், வேண்டாம்.

நமக்குள் பேசாமல் விடும் விஷயம் ஒன்றிருக்கிறது. இலங்கையர் ஒருவர் கசினோவுக்குள் போக 50 டொலர் கட்டவேண்டியிருந்தது. அதை 100 டொலராக்க அரசாங்கம் 2025இல் முடிவெடுத்தது. கொட்டாஞ்சேனையில் த்ரீவீல் ஓட்டும் வாப்பா அந்த வாசலுக்குப் போகப்போவதில்லை. அவர் போகும் வாசலுக்குக் கட்டணமே இல்லை. பச்சைக் கண்ணாடிக் கதவோ கம்பிக் கதவோ போட்ட புக்கி. குதிரை ஓடுவது இங்கிலாந்தில், காசு போவது நம் சந்தியில். அதற்கும் நடக்கப் பஞ்சியென்றால் ஃபோன் இருக்கிறது. கிரிக்கெட் மெட்ச் நடக்கும்போது பந்துக்குப் பந்து பெட் பிடிக்கும் லிங்குகள் பெரிய வகுப்புப் பையன்களின் குழுக்களிலேயே சுற்றுகின்றன. நாங்கள் பார்த்திருக்கிறோம்.

எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டு கிழமையாக வரவில்லை. விசாரித்தபோது, வாப்பா ஃபோன் விளையாட்டில் விட்ட காசுக்கு த்ரீவீலை லீசிங்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பிள்ளைக்கு வான் காசு கட்ட வழியில்லை. உம்மா இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று. கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஒன்லைன் ரம்மியில் கடன்பட்டுப் பலர் உயிரையே விட்ட பிறகுதான் அங்கே 2022இல் தடைச்சட்டம் கொண்டுவந்தார்கள். நாம் அந்த அளவுக்குக் காத்திருக்க வேண்டுமா?

பெரிய கோபுரத்துக்குக் கல்லெறிந்து பதிவு போடுவது லேசு. அங்கே இருப்பவர் யாரோ. சந்திப் புக்கியைப் பற்றி எழுதினால் அங்கே நிற்பவர் நம் மச்சான், நம் பக்கத்து வீட்டு அண்ணன். அதனால்தான் யாரும் எழுதுவதில்லை. லொத்தரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அபிவிருத்தி லொத்தர் சபையின் காசில் ஒரு பகுதி மகாபொல நிதியத்துக்குப் போகிறது. நம் பிள்ளைகள் மாதாமாதம் எடுத்துக் கெம்பஸ் முடித்த மகாபொலதான். சூது நமக்கு அப்பால் எங்கோ இருக்கும் பொருள் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சிங்கப்பூரைப் பற்றிப் பேசும்போது பளபளப்பை மட்டும் பேசுகிறோம். அந்த நாட்டார் கசினோவுக்குள் போக ஒரு நாளைக்கு 100 சிங்கப்பூர் டொலர் வைத்திருந்து, 2019இல் 150 ஆக்கினார்கள். அதைவிடப் பெரிய விஷயம், கணவன் சூதில் விழுந்தால் மனைவியோ பிள்ளையோ விண்ணப்பித்து அவரை உள்ளே விடாமல் தடுக்க அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. இங்கும் 2025இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபைக்குச் சட்டம் நிறைவேறியது. அந்த உம்மா குரலைத் தாழ்த்தாமல் போய், தன் மொழியில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்கக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். கசினோவுக்கு மட்டுமில்லை, புக்கிக்கும் ஃபோனுக்கும் சேர்த்து. நம் வட்டார அரசியல்வாதிகள் அடுத்த முறை வீட்டுக்கு வந்தால் கேட்க வேண்டியது இதைத்தான்.

சரி, பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

விடுமுறை முடிந்து வந்ததும் "நான் பார்த்த இடம்" என்று கட்டுரை எழுதச் சொல்வது பழைய வழக்கம். இப்போது அதைக் கொடுக்கவே தயக்கமாக இருக்கிறது. தாமரைக் கோபுரத்தில் ஏறிய பிள்ளை, போர்ட் சிட்டியில் படகில் போன பிள்ளை மூன்று பக்கம் எழுதும். எங்கும் போகாத பிள்ளை பக்கத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கும். அந்தப் பிள்ளை வெள்ளவத்தையில் கடலிலிருந்து ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. மாலையில் மரைன் ட்ரைவ் கல்லில் உட்கார்ந்து ரயில் போவதைப் பார்க்கிறது. அது ஓர் "இடம்" என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. டிக்கெட் இல்லாதது இடமில்லை என்று வீடியோக்கள் பழக்கிவிட்டன. 2023இல் திறந்த ஹவ்லொக் சிட்டி மோலுக்கு வெள்ளவத்தைப் பிள்ளைகள் எல்லோரும் போயிருக்கிறார்கள். அந்தக் காணியில்தான் வெள்ளவத்தை மில் இருந்தது, 1933இல் அதன் தொழிலாளர் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று சொன்னால் கண்ணை விரிக்கிறார்கள். ஒரு பிள்ளையாவது வீட்டுக்குப் போய் மூத்தம்மாவிடம் மில்லைப் பற்றிக் கேட்டால் அது மூன்று பக்கத்துக்குக் குறையாத கட்டுரை.

காலி முகத்திடலையும் எடுங்கள். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் அங்கே நடைபாதையை முடித்து வைத்த கல்லில், கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் பின்னால் வருபவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் எழுதியிருக்கிறது. அந்தத் திடலில் அப்போது வெள்ளைக்காரர் குதிரைப் பந்தயம் வைத்துக் காசு கட்டினார்கள். 1893இல் பந்தயம் கறுவாத்தோட்டத்துக்கு மாறியது, திடல் நமக்கு மிஞ்சியது. பந்தயக் குதிரை ஓடிய மண்ணில் இன்றைக்கு நம் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள், இஸ்ஸோ வடை சாப்பிடுகிறார்கள். சூதுக்கென்று போன நிலம் பிள்ளைகளுக்கென்று திரும்பியும் வரும். அதைத் துப்புரவாக வைத்திருக்கவும், வெள்ளவத்தைக் கடற்கரையில் பெண்களுக்கு ஒரு கழிவறை கட்டவும், கொட்டாஞ்சேனை மைதானங்களுக்கு லைட் போடவும் மாநகர சபையிடம் கேட்போம். கசினோவிலிருந்து வரும் வரியில் ஒரு துளி போதும்.

சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் பார்க்கப் போகும் பெற்றாரை நாங்கள் தடுக்கப்போவதில்லை. போனால், ரூலட் கணக்கைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துக் கூட்டிப் போங்கள். பாடசாலைச் சுற்றுலாவாக மட்டும் அங்கே போக மாட்டோம். ஆசிரியர் கையைப் பிடித்துக் காட்டும் இடம் பிள்ளைக்கு நல்ல இடம் என்றுதான் மனதில் பதியும்.

எங்கள் திட்டம் இது. வருகிற ஞாயிறு காலை 8.30க்குப் புறக்கோட்டை சம்மாங்கோட்டுப் பள்ளி வாசலில் சேர்கிறோம். வெளிநாட்டார் படம் எடுக்க வரிசையில் நிற்கும் அதே சிவப்புப் பள்ளிதான். அங்கிருந்து செட்டியார் தெருக் கோயில்கள், 1757இல் கட்டிய வுல்ஃபென்டால் தேவாலயம், பூசை முடிந்த பிறகு கொட்டாஞ்சேனை சாந்த லூசியா, எல்லாம் நடைதான். மத்தியானம் காக்கைத்தீவு கடற்கரைப் பூங்காவில் சாப்பாடு. வெள்ளவத்தைப் பக்கத்தார் காலையில் 100 அல்லது 101 பஸ்ஸில் வரலாம், திரும்பும்போது மட்டக்குளியிலிருந்து 155 பிடித்தால் வீட்டுச் சந்தியிலேயே இறங்கலாம். எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம், பெற்றாரும் வாருங்கள். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், சோற்றுப் பார்சல், பஸ் காசு. ஒரு பிள்ளைக்கு பஸ் காசு சிரமம் என்றால் குழுவில் போட வேண்டாம், எங்களில் ஒருவருக்குத் தனியாகச் சொல்லுங்கள்.