கொழுந்து நமது, கப்பல் யாருடையது?

நுவரெலியாக் குளிரில் கூடை சுமப்போருக்குக் கடலோடு என்ன தொடர்பு என்று ஆளவந்தோர் எண்ணுகின்றனர். கப்பல் என்றால் கொழும்பு; கடல் என்றால் காலியும் திருகோணமலையும்; மலையகம் என்றால் கொழுந்து! இதுதான் அவர்கள் தம் உள்ளத்தில் வரைந்து வைத்திருக்கும் தேசப்படம்.

கடலோடு நமக்குத் தொடர்பில்லையாம்! அப்படியானால் கேட்கிறோம்: இந்த நாட்டில் எத்தனை ஆண்டுக் காலம், எந்தப் பெயரிட்டு நம்மை இழிவு செய்தார்கள்? “கள்ளத்தோணி” என்றல்லவா? தூத்துக்குடியிலும் தனுஷ்கோடியிலும் கப்பலேறி, மண்டபம் முகாமில் நாட்கணக்கில் அடைபட்டு, தோட்டத்தின் எண் பொறித்த தகரத்துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்த மக்களின் வழித்தோன்றல்கள் நாம். 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு கட்டினார்கள். தலைமன்னாரில் ஆயிரமாயிரமாய் ஏற்றினார்கள். அட்டன் நிலையத்தில் புறப்பட்ட அழுகை இராமேசுவரம் வரை ஓயவில்லை. நாம் வந்ததும் கடல்வழி. நம்மை அனுப்பியதும் கடல்வழி. நாம் கிள்ளிய கொழுந்து போவதும் கடல்வழி. கடலில் நமக்கு இல்லாதது ஒன்றே ஒன்றுதான், அது உரிமை!

நாட்டின் கடல்சார் தொழிலை ஆராய்ச்சியாலும் கல்வியாலும் கொள்கையாலும் உயர்த்த வேண்டும் என்ற பேச்சு கொழும்பில் அடிக்கடி எழுகிறது. நல்ல பேச்சு, நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பேச்சில் மலையகம் என்ற சொல் வருவதில்லையே, அது ஏன்?

கப்பல் விளிம்பில் முடியும் கணக்கு

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1883இல் கொழும்பில் ஏலம் தொடங்கியது. 1885இல் இரயில் பாதை நானுஓயாவை எட்டியது. அந்தப் பாதை நம் மக்கள் சென்று வருவதற்காகவா போடப்பட்டது? தோட்டத்துச் சரக்கு துறைமுகத்தை விரைந்து அடையவேண்டும் என்பதற்காக! மலையின் ஒவ்வொரு வளைவும் கடலை நோக்கியே வெட்டப்பட்டது. மலையகத்துக்கும் கடலுக்கும் தொடர்பில்லை என்போர் அந்தத் தண்டவாளத்தின் மேல் ஒருநாள் நடந்து பார்க்கட்டும்!

2024ஆம் ஆண்டில் இலங்கை 24 கோடி கிலோவுக்கு மேற்பட்ட தேயிலையை ஏற்றுமதி செய்தது. வந்த வருவாய் ஏறத்தாழ 140 கோடி டாலர். அத்தனையும் மலைநாட்டுக் கொழுந்தன்று. தாழ்நிலச் சிறுதோட்டங்களே இன்று அதிகம் விளைவிக்கின்றன. அதை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால் இலங்கைத் தேயிலையின் புகழை உலகெங்கும் நாட்டியது திம்புளையும் நுவரெலியாவும் அல்லவா?

இந்தத் தேயிலை எப்படிப் போகிறது? ஏற்றுமதியாளர் பெரும்பாலும் கொழும்பில் கப்பலில் ஏற்றுவது வரைக்கும் விலை பேசி விற்கிறார். அதற்கப்பால் எந்தக் கப்பல், என்ன கூலி என்பதையெல்லாம் வாங்குகிறவரே தீர்மானிக்கிறார். சரி, இறக்குமதியிலாவது நம் விருப்பம் செல்லுமா? அங்கே விற்கிறவர் கப்பற்கூலியையும் காப்புறுதியையும் சேர்த்து விலை கூறுகிறார். கப்பலைத் தேர்வதும் அவரே! விற்கும்போதும் அவர் கப்பல். வாங்கும்போதும் அவர் கப்பல். நமக்கு மிஞ்சுவது துறைமுகத்தில் சுமை தூக்கும் கூலி. தோட்டத்தில் ஒரு கூலி, துறையில் ஒரு கூலி! இதைத்தான் நாட்டின் பொருளாதாரம் என்று பெயரிட்டு அழைக்கிறார்கள்.

2021இல் பெருந்தொற்றை அடுத்துக் கப்பற்கூலி வானளாவ உயர்ந்தது. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஓடின. கூலியைக் குறிப்பது எவனோ. அதைச் செலுத்துவது முடிவில் விளைவிக்கும் நாடு. ஏற்றுமதிச் செலவு கூடிற்று என்றால் வாங்குவோர் ஏலத்தில் இறங்கிக் கேட்பர். ஏலத்தில் விலை இறங்கிற்று என்றால், “கூலியை உயர்த்த வழியில்லை” என்று தோட்டக் கம்பெனி கைவிரிக்கும். செங்கடலில் எழுந்த அலை தலவாக்கலை லயத்துக் கதவில் வந்து மோதுகிறது. இன்னுமா கடல் நமக்கு அந்நியம்?

தூத்துக்குடி தந்த பாடம்

இந்தக் கடலில் ஒரு தமிழன் முன்னமே கப்பல் ஓட்டினான். வ. உ. சிதம்பரனார் 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பத்து இலட்ச ரூபாய் மூலதனம். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். எந்த வழியில் ஓட்டினார்? தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே! தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் ஏறிய அதே துறை, அதே கடல். அதுவரை அங்கே தனியாட்சி செலுத்தியது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி. 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்கள் சுதேசிக் கொடியுடன் வந்து நின்றபோது வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. மேலும் குறைத்தது. கடைசியில், இலவசமாகவே ஏற்றுகிறோம், கையில் ஒரு குடையும் தருகிறோம் என்று கூவியழைத்தது! குடைக்கு மயங்காத மக்களைக் கண்டதும் சிறைக்கதவைத் திறந்தது ஆட்சி. 1908 மார்ச்சில் கைது. அவ்வாண்டு ஜூலையில் நாற்பது ஆண்டுத் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911இலேயே அது கலைக்கப்பட்டுக் கப்பல்கள் கைமாறிவிட்டன.

சிதம்பரனாருக்குத் துணிவில் குறைவா? இல்லை. மக்கள் ஆதரவில் குறைவா? அதுவும் இல்லை. பணம் திரண்டது, ஆள் திரண்டது. ஆட்சி மட்டும் எதிர்ப்பக்கம் நின்றது. அதற்கு முன்பே, 1885இல், ஜப்பானில் நிப்பன் யூசென் கம்பெனி தோன்றிற்று. அதற்கு அரசு மானியம் தந்தது, தாங்கி நின்றது. இன்றும் அது உலகின் பெருங்கம்பெனிகளில் ஒன்று. ஒரே காலம், ஒரே ஆசியா. ஒருவனுக்கு அரசு மானியம் தந்தது. மற்றவனுக்குச் செக்கு தந்தது! கப்பல் தண்ணீரில் மட்டும் மிதப்பதன்று, கொள்கையின் மேலும் மிதப்பது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

கப்பல் வாங்கினால் போதுமா?

“இலங்கைக்குத்தான் சொந்தக் கப்பல் கூட்டுத்தாபனம் உண்டே” என்பார்கள். உண்டு. ஒரு காலத்தில் பல கப்பல்கள் அதன் கொடியில் ஓடின. பின்னர் ஒவ்வொன்றாய் மறைந்தன. 2016இல் ‘சிலோன் பிரீஸ்’, ‘சிலோன் பிரின்சஸ்’ என்ற இரு கப்பல்கள் சீனாவில் கட்டப்பட்டுக் கடன் பணத்தில் வந்து சேர்ந்தன. அவை நிலக்கரி போன்ற மொத்தச் சரக்குக்கானவை. தேயிலைப் பெட்டிக்கு அவற்றில் என்ன வேலை? கப்பல் வாங்குவது எளிது. நாடா வெட்டுவது அதனினும் எளிது. எந்தச் சரக்கை, எந்த வழியில், எவரைக் கொண்டு ஏற்றுவது என்று திட்டமிடுவதே அரிது. அரிய வேலையை விட்டு எளிய வேலையை மட்டும் செய்வோருக்கு நட்டம் வராமல் என்ன வரும்?

பகை பேசுவோர் தரப்பையும் நாமே எடுத்துக் கூறுவோம். ஒரு இருபதடிப் பெட்டியில் சுமார் பத்து டன் தேயிலை என்று கொண்டால், நாட்டின் ஓராண்டுத் தேயிலை முழுவதும் ஏறத்தாழ 24,000 பெட்டிகளில் அடங்கும். இன்று கடலில் ஓடும் மிகப் பெரிய பெட்டிக் கப்பல் ஒன்றே அந்த அளவை ஏற்றும். இத்தனை இலட்சம் கைகள் ஓராண்டு முழுதும் கிள்ளியது ஒரே கப்பலின் ஒரே பயணம்! “இந்தச் சிறு சரக்கை வைத்துக்கொண்டா பெருங்கப்பல் ஓட்டப் போகிறீர்கள்?” என்று அவர்கள் சிரிக்கலாம்.

சிரிக்கட்டும். பெருங்கப்பல் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. கொழும்புத் துறைமுகம் 2024இல் 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட இருபதடிப் பெட்டிகளின் அளவைக் கையாண்டது. அதில் பெரும்பகுதி வேறு நாட்டுச் சரக்கு. பெரும்பாலும் இந்தியத் துறைகளிலிருந்து வந்து இங்கே கப்பல் மாறுவது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அந்தப் பெட்டிகளை ஏற்றியிறக்கும் சிறு கப்பல்களை நாம் ஏன் ஓட்டக்கூடாது? சிதம்பரனார் ஓட்டிய வழியல்லவா அது! கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் திறந்துவைக்கப்பட்டுவிட்டது. கடல்வழியின் நடுவே இருக்கிறோம் என்ற ஒரே பெருமையை இனியும் உண்டு வாழமுடியாது.

“மலையில் இருப்பவனுக்குக் கப்பல் தெரியுமா?” என்று கேட்போருக்கு ஒரு விடை. உலகிலேயே மிகப் பெரிய பெட்டிக் கப்பல் நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருக்கிறது? கடலே இல்லாத சுவிட்சர்லாந்தில், ஜெனீவா நகரில்! அந்த நாடு 1941இல், உலகப் போரின் நடுவே, தனக்கென வணிகக் கப்பற்படை அமைத்துக் கொண்டது. ஆல்ப்ஸ் மலைக்காரனால் முடியுமாம். பிதுருதலாகலை மலைக்காரனால் முடியாதாம்! என்னே இவர்கள் நீதி!

ஆராய்ச்சி தேயிலைக்கு மட்டுமா?

தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்துக்குச் சென்று பாருங்கள். 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் அங்கே நிற்கிறது. ஏற்றுமதியாகும் தேயிலையின் மீது தீர்வை விதித்து அதை வளர்த்தார்கள். மண்ணை ஆராய்ந்தார்கள், கன்றை ஆராய்ந்தார்கள், நோயை ஆராய்ந்தார்கள். காப்பிச் செடியை நோய் தின்று தீர்த்த பாடத்தை நாடு மறக்கவில்லை. ஒரு தொழில் நிலைக்க ஆராய்ச்சி வேண்டும் என்று கற்றுத் தந்ததே இந்த மலைதான்!

அந்த அறிவு மலையடிவாரத்தோடு நின்றுவிட்டதே! கப்பற்கூலி எப்படி அமைகிறது, எந்தச் சந்தைக்கு எந்த வழி மலிவு, சிறு ஏற்றுமதியாளர் கூடிப் பேரம் பேசினால் எவ்வளவு மிச்சம் என்பதையெல்லாம் நாள்தோறும் ஆராய்ந்து மக்கள் மொழியில் வெளியிட ஒரு நிலையம் வேண்டாமா? 2021இல் கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ கப்பல் எரிந்து மூழ்கி, பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. நூறு கோடி டாலர் இழப்பீடு செலுத்தவேண்டுமென்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2025 ஜூலை வரை செல்லவேண்டியிருந்தது. கடலறிவும் கடற்சட்ட அறிவும் இல்லாத நாடு தன் கரையைக்கூடக் காத்துக்கொள்ள இயலாது என்பதற்கு இதைவிட உரத்த எச்சரிக்கை எது?

நம் பிள்ளைகள் எங்கே?

2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமுத்திரப் பல்கலைக்கழகம் அமைத்தார்கள், மகிழ்ச்சி. அதன் நிலையங்கள் கரையோர நகரங்களில் இருக்கின்றன. தனியார் கடற்கல்லூரிகளும் உள்ளன. கப்பல் அதிகாரியாகப் பயில்வோனுக்குக் கணிதம் வேண்டும், பௌதிகம் வேண்டும், ஆங்கிலம் வேண்டும். நம் தோட்டப் பாடசாலைகளில் உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவு எத்தனையில் உண்டு? கற்பிக்க ஆசிரியர் எத்தனை பேர்? வகுப்பே இல்லாத இடத்தில் மாணவனைத் தேடிவிட்டு, “மலையகப் பிள்ளைகளுக்குக் கடலில் நாட்டமில்லை” என்று அறிக்கை எழுதுவது அறிவா, வஞ்சனையா?

கட்டணத்தைப் பாருங்கள். ஒரு பயிற்சிக்குப் பத்து இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய். உண்ணாமல், உடுக்காமல், ஒருநாளும் ஓயாமல் அந்தக் கூலியில் ஒரு தாய் 741 நாட்கள் கொழுந்து கிள்ளினால்தான் தன் மகனை அந்த வாசலில் நிறுத்தலாம். நடக்கக்கூடியதா இது? அவள் கிள்ளிய கொழுந்தைச் சுமந்து செல்லும் கப்பலில் அவள் மகன் கடைநிலை மாலுமியாகக்கூட ஏற வழியில்லை. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் எடுபிடியாக அலைகிறான். இதைக் காணும்போது நெஞ்சு கொதிக்காதோ?

நாம் கேட்பது பிச்சையன்று. தேயிலைத் தீர்வையில் ஒரு பங்கு கப்பற்கூலி ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்படட்டும். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கடற்கல்வியில் முழு உதவிப் பணத்துடன் இடம் வகுக்கப்படட்டும். பெண் பிள்ளைகளுக்கும் அதில் சரிபாதி! அட்டனில் தமிழ் வழியே தொடங்கி ஆங்கிலத்தில் முடியும் முன்னோடி வகுப்பு திறக்கப்படட்டும். தூத்துக்குடி வழியில் சிறு கப்பல் சேவைக்கு அரசு கைகொடுக்கட்டும்; அதன் பங்குகளைத் தோட்டத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் வாங்கட்டும். 25 ரூபாய்ப் பங்கில் கப்பல் வாங்கிய மரபு நம்முடையது. அதை யாரும் நமக்குக் கற்றுத் தரவேண்டியதில்லை.

மலைநாட்டுத் தோழர்களே! அடுத்த முறை வாக்குக் கேட்டு வருவோரிடம் வீட்டைக் கேளுங்கள், காணியைக் கேளுங்கள், கூலியைக் கேளுங்கள். கூடவே கடலையும் கேளுங்கள். தோணியின் பெயரால் இழிக்கப்பட்ட இனம், ஒருநாள் கப்பலின் பெயரால் தலைநிமிரும். அதுவரை இக்கேள்வியை ஓயாது எழுப்புவோம்: கொழுந்து நமது, கப்பல் யாருடையது?