பத்திரிகைப் படிப்பும் பிள்ளையார் குடித்த பாலும்

கெங்கவல்லி வாலிபர்களும் பெண்களும் பி.ஏ. தேறியபின் பத்திரிகைத் தொழிலில் மேற்படிப்புப் படிக்கலாமா என்றால், அவசியம் படிக்க வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம். சேலத்தில் 1997-ல் ஏற்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்திலேயே இப்படிப்பு உண்டு.

ஆனால் அங்கு கற்க வேண்டியது என்ன? அலங்காரமாக எழுதுவதா? அல்லவே அல்ல. 1995 செப்டம்பர் 21-ந் தேதி பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற புரளி தேசமெங்கும் ஓடிற்று. கோவில் கூட்டத்தை மட்டும் வர்ணித்தவன் புரளிக்குக் கால் கொடுத்தான். கரண்டிப் பால் எங்கே போயிற்று என்று சிலையின் அடியைப் பார்த்தவனே நிருபன். விஞ்ஞானிகள் சாயம் கலந்த பாலை வைத்து, அது சிலைமேல் படர்ந்து வழிவதைக் காட்டிவிட்டார்கள்.

நேரில் பார்ப்பது, ஆதாரம் தேடுவது, எதிர்த் தரப்பையும் விசாரிப்பது, பிழை கண்டால் திருத்தம் போடுவது ஆகிய இவைதான் அடிப்படை. 2005-ம் வருஷத்திய தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி ஊராட்சிக் கணக்கைக் கேட்கலாம். பட்டம் பெற்றும் கேட்கத் துணியாதவன் பெரிய இடத்துக் கணக்குப்பிள்ளையே தவிர நிருபனல்ல.

நிற்க, லட்சக்கணக்கில் சம்பளம் கட்டி இங்கிலீஷில் படிப்பவர்களுக்கே இத்தொழில் சொந்தமானால், சேரியின் செய்தியைச் சேரியை மிதிக்காதவனே எழுதுவான். ஆகவே தோழர்களே, படியுங்கள்! நாம் எழுதுவதையும் சேர்த்தே சோதியுங்கள்!