கணனியின் சுளகில் எமது பிள்ளைகள்

வன்னியிலிருந்தும் வலிகாமம் வடக்கிலிருந்தும் வேலை தேடிக் கொழும்புக்கு வரும் எமது இளைஞர்கள் பலர், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் தங்கியிருந்து விண்ணப்பங்களை அனுப்புகின்றார்கள். அண்மையில் கொட்டாஞ்சேனையில் நாம் சந்தித்த யுவதி ஒருவர், களஞ்சியப் பொறுப்பாளர் வேலையொன்றுக்கு இரவு இணையத்தில் விண்ணப்பித்திருந்தார். விடியுமுன்னே, தாங்கள் தெரிவாகவில்லை என்ற பதில் வந்துவிட்டது. “பாதர், ராவோட ராவா ஆர் இருந்து வாசிச்சது?” என்று எம்மிடம் கேட்டார்.

எவரும் வாசித்திருக்க மாட்டார்கள். ஒரு வெற்றிடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் குவியும்போது, பெரிய நிறுவனங்கள் முதற் பார்வையை ஆட்சேர்ப்பு மென்பொருளிடம் ஒப்படைக்கின்றன. அது சுயவிபரக் கோவையிலிருந்து கல்வி, தொழில், பணியாற்றிய காலம் ஆகியவற்றைப் பிரித்தெடுத்து, நிறுவனம் முன்கூட்டியே கொடுத்த சொற்களோடும் நிபந்தனைகளோடும் ஒப்பிடுகின்றது. பொருந்தியவை மேலே வரும். ஏனையவை அதிகாரியின் கண்ணிற் படாமலே போய்விடலாம்.

இதனை முற்றாகப் பழிப்பது நியாயமன்று. 1977ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் வந்த ‘தொழில் வங்கி’ முறையில், அரச வேலைக்கான படிவங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஊடாகவே பகிரப்பட்டன. சிபாரிசுக் கடிதத்துக்காக வாசலிற் காத்துநின்ற கதைகளை எமது பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். கணனி அத்தகைய கடிதம் கேட்பதில்லை.

ஆனால் கணனிக்கும் பக்கச்சார்பு உண்டு. அது மனிதரிடமிருந்தே கற்றுக்கொள்கின்றது. அமேசான் நிறுவனம் பத்தாண்டுகளாகத் தனக்கு வந்த விண்ணப்பங்களைக் கொண்டு தெரிவுக் கருவியொன்றைப் பழக்கியது. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆகவே அக்கருவி பெண்களைக் குறிக்கும் சொல் வந்த விண்ணப்பங்களைத் தாழ்த்தி மதிப்பிட்டது. 2018இல் இச்செய்தி வெளிவந்தபோது, நிறுவனம் அம்முயற்சியை ஏற்கனவே கைவிட்டிருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் வேலையின்றி இருந்தோரைப் பல நிறுவனங்களின் மென்பொருள் தானாகவே விலக்கிவிடுவதாக, 2021இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் ஆய்வறிக்கை சுட்டிக்காட்டியது.

இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களின் வாழ்க்கையில் இடைவெளிகளுக்குப் பஞ்சமில்லை. அந்த யுவதியின் விண்ணப்பத்திலும் பாடசாலைக்குப் பிந்திய மூன்று ஆண்டுகள் வெறுமையாக இருந்தன. விசாரித்தோம். மீளக் கிடைத்த காணியிற் பற்றை வெட்டி, நிலக்கடலை பயிரிட்டு, விதைக்கும் உரத்துக்கும் கூலிக்கும் கணக்கு எழுதி, விளைச்சலைச் சந்தைக்கு அனுப்பியவர் அவரே. களஞ்சியப் பொறுப்பாளருக்கு வேண்டிய அனுபவம் வேறென்ன? “அது வீட்டுத் தோட்டம்தானே” என்று எண்ணி எழுதாமல் விட்டிருக்கின்றார். விவசாயத்தைத் தொழிலாக நாமே மதிக்காவிடின், கணனி எப்படி மதிக்கும்?

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் விண்ணப்பம் எழுதும்போது அருகில் அமருங்கள். காணியில் உழைத்த காலத்தை ஆண்டுகளோடும், செய்த வேலைகளோடும் எழுதச் சொல்லுங்கள். இடம்பெயர்வாற் கல்வி தடைப்பட்டிருந்தால் அதனையும் ஒரு வரியிற் குறிப்பிடட்டும். விளம்பரத்திற் கேட்கப்பட்ட தகைமை உண்மையாகவே இருந்தால், விளம்பரத்தில் உள்ள அதே சொல்லாலே எழுதட்டும். புகைப்படம் எடுத்த தாளை அனுப்பாமல், தெளிவாகத் தட்டச்சுச் செய்து அனுப்பட்டும். பொய் மட்டும் வேண்டாம். நேர்முகப் பரீட்சையில் அது வெளுத்துவிடும்.

நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. முற்றிலும் இயந்திரத்தால் எடுக்கப்பட்டு ஒருவரைப் பாதிக்கும் தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமை, எமது நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. ஏட்டில் உள்ள இவ்வுரிமை அலுவலகத்தின் வழக்கமாக வேண்டும். அந்த யுவதி ஏன் விலக்கப்பட்டார் என்று இன்றுவரை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

சுளகிற் புடைக்கும் தாய், பதரை விலக்கிய பின்னும் நிலத்தில் விழுந்ததைக் குனிந்து பார்க்கின்றாள். நெல்மணி கிடந்தாற் பொறுக்கி எடுக்கின்றாள். கணனி விலக்கியவற்றையும் ஒரு மனிதர் ஒருமுறை பார்க்கட்டும் என்றே நாம் கேட்கின்றோம்.