வாலையில் சேர்க்கும் மூன்றாவது பதார்த்தம்

ஸ்ரீரங்கத்தைத் தழுவி ஓடும் காவேரியும் கொள்ளிடமும், தம் மணற்படுகைகளில் இறக்கிய கிணறுகளின் வழியே திருச்சிராப்பள்ளி நகரத்துக்குக் குடிநீர் அளித்துவருவதால், இப்பிரதேசத்தில் ரசாயனத் திரவங்களை வாலையிட்டுப் பிரிப்பவர் எந்த முறையைக் கைக்கொள்கிறார் என்பது, அவருடைய லாபநஷ்டக் கணக்கோடு முடிந்துவிடும் விஷயமன்று.

எத்தனால் 78.4 பாகையிலும் தண்ணீர் 100 பாகையிலும் கொதிப்பதைக் கண்டு, இவ்விரண்டையும் காய்ச்சியே முற்றிலும் பிரித்துவிடலாம் என்று நினைப்பது சகஜம். ஆனால் எடையில் 95.6 சதவீதம் எத்தனால் என்ற நிலையை அடைந்ததும் கலவை 78.2 பாகையில் கொதிக்கிறது; எழும் ஆவியிலும் அதே விகிதம் நிலைத்துவிடுவதால், வாலைக் கோபுரத்தை எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை. பெட்ரோலில் கலக்கவோ கன அளவில் 99.5 சதவீதச் சுத்தம் தேவை.

1902-ஆம் ஆண்டில் சிட்னி யங் என்ற ஆங்கில விஞ்ஞானி இதில் பென்சீனைச் சேர்த்து, மூன்றும் கூடிய கலவை சுமார் 65 பாகையிலேயே தண்ணீரைச் சுமந்துகொண்டு வெளியேற, அடியில் வறண்ட எத்தனால் தங்குவதைக் காட்டினார். அது மகத்தான யுக்தி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எனினும் பென்சீன் புற்றுநோயை விளைவிப்பது நிச்சயம். பிரிந்துவரும் நீரிலும் அதன் அம்சம் எஞ்சும். தொகுதி தொகுதியாகக் காய்ச்சும் சிறிய ஆலையிலோ, ஒவ்வொரு தொகுதிக்கும் நடுவில் இறங்கும் கலப்பு வடியைத் தனியே சேமித்து மறுபடியும் காய்ச்ச வேண்டியிருப்பதால், அபாயம் ஒருமுறையோடு நிற்பதில்லை.

ஆகவே மூன்றாவது பதார்த்தமே வேண்டாத வழியை முதலில் தேடவேண்டும் என்பது என் துணிபு. எத்தனாலுக்கு மூலக்கூறு சல்லடை இருக்கிறது: மூன்று ஆங்ஸ்ட்ரம் துவாரங்களுக்குள் நீரின் மூலக்கூறு புகும், எத்தனால் புகாது; நீரை வெளியேற்றிச் சல்லடையைத் திரும்பவும் உபயோகிக்கலாம். முதற்செலவு அதிகம் என்பது மெய். ஆயினும் விஷத்தைக் கையாளும் செலவையும் கணக்கில் எழுதவேண்டும். மருந்து ஆலைகளில் பயன்படும் டெட்ராஹைட்ரோஃபியூரான் போன்ற திரவங்கள் நீரோடு கலந்திருக்கையில், திரவமும் ஆவியும் ஒத்துப்போகும் விகிதம் அழுத்தத்துக்கேற்ப நன்கு நகர்வதால், ஒரே வாலையை இரு அழுத்தங்களில் மாறிமாறி இயக்கினால் போதும். எத்தனாலுக்கு நடைமுறை அழுத்தங்களில் அந்த அனுகூலம் இல்லை. மூன்றாவது பொருள் தவிர்க்க முடியாததானால், எளிதில் ஆவியாகாத கிளிசரினைக் கோபுரத்தின் உச்சிக்கருகே சொரிந்து, அது நீரைப் பற்றிக்கொண்டு அடிக்கு இறங்கும்படி செய்யலாம்.

1964-இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றிய திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகமும், இப்பகுதியின் ஏனைய பொறியியற் கல்லூரிகளும், இத்தேர்வைச் சிறுதொழில் நடத்துவோருக்குத் தமிழில் எடுத்துரைக்க முன்வரவேண்டும். ஆலை நடத்துவோரும் புதிய வாலை வாங்குவதற்கு முன்பே அந்நிறுவனங்களை நாடி ஆலோசனை கேட்கவேண்டும்.