அணிந்தால் அன்றோ ஆடை!

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஆடையின் பெருமை அதன் விலையில் இல்லை; அதைப் பேணும் முறையில்தான் இருக்கிறது என்பது இதன் கருத்து. இந்த உண்மையை ஒரு நாட்டு மக்கள் தம் ஆடையின் தையலிலேயே பொதிந்து வைத்தனர் என்றால் வியப்பாக இல்லையா? ஆம்! ஜப்பானியரின் கிமோனோவைத்தான் குறிப்பிடுகிறேன்.

கிமோனோ என்றதும் செர்ரி மலர்களின் கீழ் குடை பிடித்து நிற்கும் நாட்காட்டிப் பெண்தான் நம் நினைவுக்கு வருகிறாள். ஜப்பானியர் பலருக்கும்கூட இன்று அது படத்தில் காணும் பொருளாகவே ஆகிவிட்டது. திருமணம், ஜனவரி மாத இரண்டாம் திங்கட்கிழமையில் வரும் வயதுவந்தோர் நாள் போன்ற விழாக்களில் அணிவர். பிறகு பெட்டியில் வைத்துப் பூட்டுவர். "மரபைக் காத்துவிட்டோம்" என்று மனநிறைவும் கொள்வர். பெட்டிக்குள் கிடப்பதைக் காக்கப்பட்டது என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது என்பதே என் கருத்து.

பிரிப்பதற்காகவே தைத்த ஆடை

கிமோனோ என்ற சொல்லுக்கு 'உடுக்கும் பொருள்' என்பதே நேர்ப்பொருள். சுமார் 36 முதல் 38 செ.மீ. அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே துணிச்சுருளிலிருந்து அது உருவாகிறது. வளைத்து வெட்டுவது கிடையாது, எல்லாம் நேர்வெட்டுதான். உடலுக்கு இரண்டு, கைகளுக்கு இரண்டு, முன்புறத்தை அகலப்படுத்த இரண்டு, கழுத்துப் பட்டைக்கு இரண்டு என எட்டுத் துண்டுகள். மிகுதித் துணியையும் வெட்டி எறியாமல் தையலுக்குள் மடித்து வைப்பார்கள்.

ஏன் இந்தச் சிக்கனம்? மீண்டும் பிரிப்பதற்காகவே! அழுக்கேறிய பட்டுக் கிமோனோவைத் தையல் பிரித்து, துண்டுகளை முனையோடு முனை சேர்த்துப் பழையபடி ஒரே நீளத் துணியாக்குவார்கள். அதை நீரில் அலசி, கடற்பாசிப் பசையிட்டு, பலகையில் ஒட்டியோ மெல்லிய மூங்கில் குச்சிகளால் இழுத்து விரித்தோ உலர்த்துவார்கள். பிறகு மறுபடியும் தைப்பார்கள். 'அராய்-ஹரி' என்பது இம்முறையின் பெயர். மங்கிய புறம் உள்ளே போகும். தேய்ந்த இடம் மறைவிடத்துக்கு மாறும். தாயின் ஆடை மகளின் அளவுக்கு வரும். இனி உடுக்க முடியாது என்ற நிலையில் மெத்தை உறையாகும், குழந்தைக்கு அரைத்துணியாகும், கடைசியில் தரை துடைக்கும் துணியாகும். ஓர் ஆடையின் வாழ்வை இதைவிட நீட்டிக்க முடியுமா?

உடுத்தலும் வைத்தலும்

கிமோனோவுக்குப் பொத்தான் இல்லை. கயிறுகளும் 'ஓபி' என்னும் அகன்ற இடைக்கச்சும் அதைத் தாங்குகின்றன. இடப்பக்கம் மேலாக வரும்படி உடுத்த வேண்டும். வலப்பக்கம் மேலாக உடுத்துவது இறந்தவர்க்கு மட்டுமே. இடமா, வலமா என்பதற்குக் கி.பி. 719-லேயே அரசாணை பிறந்தது. பட்டை வியர்வை தீண்டாதிருக்க உள்ளே 'நாகஜுபன்' என்ற மற்றோர் அங்கி உண்டு. அதன் கழுத்துப்பட்டையை மட்டும் பிரித்துத் துவைத்து மீண்டும் தைத்துக் கொள்ளலாம். பருவத்துக்கேற்ற முறையும் உண்டு. அக்டோபர் முதல் மே வரை உள்துணி வைத்துத் தைத்தது. ஜூனிலும் செப்டம்பரிலும் உள்துணி இல்லாதது. ஜூலை, ஆகஸ்டில் காற்றுப் புகும் மெல்லிய நெசவு.

கழற்றியவுடன் மடிப்பதில்லை. நிழலில் தொங்கவிட்டு உடலின் ஈரம் போன பிறகே, தையற்கோடுகளின் வழியே மடித்துத் தாளுறையில் வைப்பார்கள். 'கிரி' என்னும் எடை குறைந்த மரத்தால் செய்த பெட்டியே அதற்கு ஏற்ற இடம். மழைக்காலம் முடிந்த கோடையிலும், இலையுதிர் காலத்திலும், குளிர்காலத்தின் வறண்ட நாட்களிலும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுவார்கள். கற்பூரத்தையும் அந்துருண்டையையும் ஒரே பெட்டியில் இடலாகாது; இரண்டும் சேர்ந்து உருகித் துணியில் கறையாகும். பெட்டியைப் பூட்டிவிட்டால் கடமை முடிந்தது என்பதற்கு இங்கே இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அறிவு அறுந்த கதை

1872-இல் ஜப்பானிய அரசு மேனாட்டு உடையைச் சடங்கு உடையாக ஏற்றது. அலுவலகமும் படையும் ஆடவரை முதலில் மாற்றின. 1940-இல் ஆடவர்க்குத் தேசிய உடை வகுக்கப்பட்டது. போர்க்காலப் பெண்கள் பழைய கிமோனோக்களைப் பிரித்து 'மொம்பே' என்னும் வேலைக்காற்சட்டை தைத்துக் கொண்டனர். போருக்குப் பின் அன்றாட உடை முற்றிலும் மேனாட்டு உடையாயிற்று. தாய் அன்றாடம் உடுக்காததை மகள் எவ்வாறு கற்பாள்? 1960-களில் கிமோனோ உடுத்தக் கற்பிக்கும் பள்ளிகள் தோன்றின. வீட்டில் தானாக வந்த பழக்கம் கட்டணம் செலுத்திப் பெறும் பாடமாயிற்று! பாடம் என்றால் விதிகள் பெருகும். விதிகள் பெருகினால் அச்சமும் பெருகும். "தவறாக உடுத்திவிட்டால் நகைப்பார்களோ?" என்று அஞ்சுபவர் பெட்டியைத் திறப்பாரா?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "பிரித்துத் துவைத்துத் தைத்த உழைப்பெல்லாம் பெண்களின் தலையில் அல்லவா விழுந்தது? அந்தச் சுமை ஒழிந்தது நன்றுதானே?" நேர்மையான கேள்வி. வீட்டுப் பெண்ணின் ஊதியமில்லா உழைப்பை மரபின் அழகு என்று பாடுவதை நானும் ஏற்கவில்லை. ஆனால் சுமையைப் பகிர்ந்துகொள்வது வேறு. அறிவையே கைவிடுவது வேறு. தன் ஆடையை மடிக்கவும் காற்றாட விடவும் ஆணும் கற்கலாமே! துவைக்க எளிய பருத்தி 'யுகாதா'வும், பழைய கிமோனோக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைப்பவையும் எளிய தொடக்கமாகும்.

"மரபு மாறக்கூடாது" என்பாரும் உண்டு. அவர்க்கு விடை சொல்ல நம் கடற்கரையே போதும். எடோ காலத்தில் (1603-1868) டச்சுக் கப்பல்கள் சோழமண்டலக் கரையின் கோடிட்ட பருத்தித் துணியை ஜப்பானுக்குக் கொண்டு சென்றன. நம் சாந்தோமின் பெயராலேயே அதை 'சந்தோமே' என்று அழைத்தார்கள். எடோ நகர மக்கள் அதைக் கிமோனோவாக விரும்பி உடுத்தினர். பின்னர் ஜப்பானிய நெசவாளரே அதை நெய்யத் தொடங்கினர். அயலார் துணியையும் ஏற்று வாழ்ந்த ஆடை அது. உடுத்தியதால்தான் மாறியது, மாறியதால்தான் வாழ்ந்தது.

நீகாத்தா மாவட்டத்தில் ராமி நாரில் நெய்த துணியைப் பனிப்பரப்பில் விரித்து வெளுக்கும் கலை உண்டு. 2009-இல் யுனெஸ்கோ அதனைத் தன் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சியே! ஆனால் பட்டியல் துணியை உடுத்தாது. உடுப்பவர் இல்லையெனில் நெசவாளர் யாருக்காக நெய்வார்?

மாணவ நண்பர்களே! காட்சிப் பேழையில் வைத்த பொருளுக்குத் தூசி தட்டினால் போதும். வாழும் பொருளுக்கோ வியர்வை படும், கறை படும், தையல் விடும். அவற்றைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் இருக்கும் வரையில்தான் மரபு இருக்கும். அந்தக் கைகள் நூலகத்தில் உருவாவதில்லை. உடுத்தும்போதும், கழற்றி மடிக்கும்போதும்தான் உருவாகின்றன. கிமோனோவைக் காக்க விரும்புவோர் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பெட்டியைத் திறக்கட்டும்; எடுத்து உடுக்கட்டும்!