அல்பேனியக் குழந்தையும் நம் வீட்டுக் குழந்தையும்



சென்ற வாரம் முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் என்னைத் தனியே அழைத்துக் கவலையொன்றைக் கூறினார். அவருடைய இளைய மகனுக்கு இரண்டு வயது நிறைந்துவிட்டது. ஆங்கில நூலொன்றின் அட்டவணைப்படி அவன் இந்நேரம் இரண்டிரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டுமாம். அவனோ பெரும்பாலும் ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறானாம். "வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசிப் பார்க்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டார்.

நான் அல்பேனிய மொழியைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கத்தானே செய்வார்!

அல்பேனியாவிலும் கொசோவோவிலும் வழங்கும் அம்மொழியில் 'தூவா' என்றால் 'நான் விரும்புகிறேன்' என்று பொருள். 'நான்' என்பதற்குத் தனிச்சொல் உண்டு. ஆயினும் வினையின் வடிவமே ஆளைக் காட்டிவிடுவதால் அச்சொல் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. 'ஊய்' என்றால் தண்ணீர். 'தூவா ஊய்' என்னும் குழந்தை இரண்டே சொற்களில் முழு வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலக் குழந்தைக்கு அதற்கு மூன்று சொற்கள் வேண்டும்.

'மா யெப்' என்பது இன்னும் சுவையானது. 'அதை எனக்குக் கொடு' என்பது அதன் பொருள். 'மா' என்னும் ஓரசைக்குள் 'எனக்கு', 'அதை' ஆகிய இரண்டும் ஒட்டிக்கிடக்கின்றன. பெயர்ச்சொல்லும் அப்படியே. 'புக்' என்றால் ரொட்டி. 'புக்கா' என்றால் குறிப்பிட்ட அந்த ரொட்டி. அதுவே செயப்படுபொருளானால் 'புக்கன்'. ஆங்கிலம் தனிச்சொல்லாக முன்னே வைப்பதை அல்பேனியம் சொல்லின் வாலில் கட்டிவிடுகிறது. ஆகவே அக்குழந்தையின் பேச்சு பக்கவாட்டில் மட்டும் நீள்வதில்லை, சொல்லுக்குள்ளும் வளர்கிறது. சொற்களை மட்டும் எண்ணுபவர் கண்ணுக்கு அந்த வளர்ச்சி தெரியாது.

ஆங்கிலம் பேசும் மூன்று குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்து 1973-இல் நூல் வெளியிட்ட ராஜர் பிரௌன்கூட சொற்களை எண்ணவில்லை. பொருள் தரும் மிகச் சிறிய கூறுகளையே எண்ணினார். அட்டவணை அச்சிடுவோர் ஏனோ இதை மறந்துவிடுகின்றனர்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 'மா யெப்' என்னும் குழந்தைக்கு அதன் உறுப்புகள் தெரியும் என்று உடனே முடிவுகட்ட இயலாது. கேட்டதை ஒரே கட்டியாகத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். தனக்கு 'தூவா' என்றும், எதிரில் நிற்பவருக்கு 'தோ' என்றும் அது மாற்றிச் சொல்லும் நாளில்தான் இலக்கணம் பிடிபடத் தொடங்கியதை நாம் உணரலாம்.

தமிழும் இவ்வகையில் அல்பேனியத்தின் பக்கமே நிற்கிறது. 'வரமாட்டேன்' என்னும் ஒரு சொல்லை ஆங்கிலத்தில் சொல்ல நான்கு சொற்கள் தேவை. நம் பிள்ளைகளை ஆங்கில அட்டவணையால் அளந்து, குறை கண்டு, அதற்காகத் தமிழையே வீட்டிலிருந்து வெளியேற்றுவது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. பிள்ளை கூப்பிட்டால் திரும்பவில்லை, சொல்வதைப் புரிந்துகொள்ளவில்லை என்றால் அது வேறு செய்தி; தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டிச் செவியைச் சோதிக்க வேண்டும்.

அந்தத் தாயாரிடம் ஒரு வாரம் சொற்களை எண்ணாமல், சொல்லின் ஈற்றை மட்டும் கவனிக்கச் சொன்னேன். நேற்று பள்ளி வாசலில் நிறுத்திச் சொன்னார்: குளிக்கக் கூப்பிட்டால் 'வரமாட்டேன்' என்பவன், அண்ணன் பள்ளிக்குப் புறப்பட்டதும் கதவைக் காட்டி 'வரமாட்டான்' என்றானாம்.