உக்கிய நிலைக்கு யார் பொறுப்பு?

தை, மாசி மாதங்களில் மஸ்கெலியா டவுன் வழியாக நல்லதண்ணிக்கு பஸ் பஸ்ஸாகச் சிவனொளிபாதமலை யாத்திரிகர்கள் போவார்கள். அந்த நாட்களில்தான் நான் சுரண்டியும் பெயின்ட் டின்னுமாக இஸ்தோப்பில் உட்காருவேன். எங்கள் பக்கம் மரம் நன்றாகக் காய்வது அப்போது மட்டும்தான். வைகாசி பிறந்து தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் பூசின பெயின்டும் ஒட்டாது.

அப்பா தோட்டத்து ஆசாரி. வருடா வருடம் துரை பங்களாவின் ஜன்னல்களைக் கத்தி முனையால் குத்திப் பார்ப்பார். "சத்தம் கேட்டா மரம், கேக்காட்டி மாவு" என்பார். மாவான இடத்தை வெட்டி ஒட்டுப் போட்டு பெயின்ட் அடிப்பார். அந்த ஜன்னல்கள் இன்றும் இருக்கின்றன. அதே கையால் அவர் எங்கள் லயத்துக்குச் செய்த கதவு பத்து வருடம் தாங்கவில்லை. ஒரே ஆசாரி, ஒரே மழை. பங்களாவுக்கு வருடத்துக்கொரு டின் பெயின்ட் கணக்கில் இருந்தது, லயத்துக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மழை மட்டும் மரத்தைத் தின்பதில்லை. தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் மரம் இலேசில் உக்காது; மரத்தை உக்க வைக்கும் பூஞ்சணத்துக்கு அங்கே காற்றில்லை. காய்ந்தே இருக்கும் மரமும் உக்காது. நனைந்து, முழுதாகக் காயாமல், மறுபடி நனைகிற மரம்தான் போகும். அதனால்தான் நிலையின் அடிக்கால், ஜன்னலின் கீழ்ச்சட்டம், கைமர நுனி மூன்றும் முதலில் உக்குகின்றன. மரம் உயிரோடு நின்றபோது நீரேற்றிய குழாய்கள் அறுத்த நுனியில் திறந்தே கிடக்கின்றன. உறிஞ்சாமல் என்ன செய்யும்?

எங்கள் லயத்துத் தொங்கல் காம்பராவில் நிலையின் அடிக்கால் ஒரு சாண் உக்கியிருந்தது. அந்த வீட்டுக்காரர் நல்ல துண்டு ஒன்று தேடி வைத்துக்கொண்டு தோட்ட ஒபிசில் கேட்டார். கை வைக்கக் கூடாது, ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். ஒரு மாதம் கழித்து வந்தவர் உக்கின இடத்தில் இரண்டு கரண்டி சீமெந்தை அப்பிவிட்டுப் போனார். சீமெந்துக்கும் மரத்துக்கும் நடுவில் இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. அந்த மழைக்காலம் முடியுமுன் முழங்கால் உயரம் உக்கிவிட்டது.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. நல்ல மரம் வரும்வரை வெட்ட வேண்டும். தண்ணீர் வெளிப்பக்கம் வழியும்படி வெட்டைச் சாய்வாக எடுக்க வேண்டும். இரண்டு வெட்டு முகத்துக்கும் பெயின்ட் தடவிக் காயவிட்டு, புதுத் துண்டை வைத்து ஆணி முடுக்க வேண்டும். அடியில் தரையைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட வேண்டும். லொறி கராஜிலிருந்து எரிந்த ஒயிலை வாங்கிப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். நாற்றம் போகாது, பிறகு எந்த பெயின்டும் அதன்மேல் பிடிக்காது.

இந்தச் சின்ன வேலையைக்கூட நாங்களே செய்ய முடியாததற்குக் காரணம் இருக்கிறது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. லயம் இன்னும் குடியிருப்பவர் பெயரில் இல்லை. கேட்டால், புது வீடு வருகிறது, காணி வருகிறது என்கிறார்கள். வரட்டும். கிடைத்தவர்களைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்தான். கிடைக்காதவர்களின் நிலை அதுவரை உக்காமல் காத்திருக்குமா?

காணி உறுதிதான் முடிவான மருந்து. தன் பெயரில் உள்ள கதவுக்கு யாரும் சீமெந்து அப்பமாட்டார்கள். அதுவரைக்கும் நிர்வாகம் இரண்டு காரியம் செய்யலாம். கதவு, ஜன்னல், கைமரம் மூன்றையும் குடியிருப்பவரே திருத்தலாம் என்று எழுத்தில் அனுமதி கொடுக்கட்டும். வருடா வருடம் தை மாதம் லயத்துக்கும் பெயின்ட், பலகை ஒதுக்கட்டும். பங்களா கணக்கில் இருந்த அந்த ஒரு வரியை லயக் கணக்கிலும் எழுதினால் போதும்.